கல்லின் வயதைக் கண்டறிவது எங்ஙனம்?

சென்ற வாரம் என் வகுப்பிலே நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. "நம் துறைமுகத்தைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளின் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையவை" என்று கரும்பலகையில் எழுதினேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த நாள் முதலாக ஆண்டுதோறும் நான் எழுதிவரும் வசனம் அது. எழுதி முடித்துத் திரும்பியபோது முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், நான் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் 55 கோடி ஆண்டு என்று இருக்கிறது. இரண்டில் எது சரி?"

நான் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து வேறொரு குரல், "அப்போது யார் இருந்து பார்த்தது?" என்றது. வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், எனினும் அச்சிரிப்பு எனக்கு ஒரு மறைப்பாகவே உதவிற்று. இரண்டு வினாக்களுக்கும் அப்பொழுது என்னிடம் செம்மையான விடை இல்லை. "அடுத்த பாடத்தில் சொல்கிறேன்" என்று கூறித் தப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை கோணேசர் கோயிலில் அந்த மாணவியையும் தாயாரையும் கண்டேன். "பிள்ளை குறுக்கே கேட்டதைக் குறையாக எடுக்காதேங்கோ, சேர்" என்றார் தாயார். குறை பிள்ளையிடத்தில் இல்லை, என்னிடத்திலேதான் என்றேன். அவர் இராவணன் வெட்டுப் பக்கமாகக் கையை நீட்டி, "எங்கட அப்பம்மா இதைக் காட்டி இராவணன் கதை சொல்லுவா. நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்போம். இவள் என்னவென்றால் கல்லுக்கு வயது கேட்கிறாள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவு என் பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 200 கோடி என்ற எண் இருந்தது. அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. வந்த வழியைச் சொல்லாமல் எண்ணை மாத்திரம் பிள்ளைகளின் கையிலே கொடுத்துவந்த பிழையை ஓரளவேனும் திருத்த முயல்வதே இக்கட்டுரை.

முதலிலே எளிதான பகுதியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணறு வெட்டுவோர் மண்ணுக்குக் கீழே வெண்மையான சுண்ணாம்புக் கல்லைக் காண்பர். அக்கல் ஒரு காலத்தில் ஆழமற்ற கடலின் அடியிலே படிந்த அடையற் பாறை. சிப்பி, சங்கு முதலிய கடலுயிர்களின் சுவடுகள் அதனுள் உள்ளன. இத்தகைய பாறைகளிலே கீழேயுள்ள படை முந்தியது, மேலேயுள்ள படை பிந்தியது என்னும் விதியை இத்தாலியில் வாழ்ந்த டென்மார்க்கு அறிஞர் நிக்கலஸ் ஸ்டீனோ 1669ஆம் ஆண்டிலே வகுத்தார். பின்னர், ஒவ்வொரு காலத்துப் படைக்கும் அதற்கே உரிய உயிர்ச்சுவடுகள் உண்டு என்பதும் தெளிவாயிற்று. ஆகவே ஒரு நாட்டுப் படையிலுள்ள சுவடுகளை வேறொரு நாட்டுப் படையிலுள்ள சுவடுகளோடு ஒப்பிட்டு, இவ்விரண்டும் ஒரே காலத்தவை என்று கூற முடிந்தது. வேலண்ட், டேவிஸ் என்னும் இருவர் 1923ஆம் ஆண்டிலே இலங்கைச் சுண்ணாம்புக் கல்லை இம்முறையால் ஆராய்ந்து, அது மயோசீன் என்னும் காலத்தைச் சேர்ந்ததென்று எழுதினர்.

இம்முறை சிறந்ததே. ஆயினும் இது வரிசையைத் தருமேயன்றி ஆண்டைத் தராது. அண்ணன் யார், தம்பி யார் என்று தெரிந்துவிடும். இருவருக்கும் வயது எத்தனை என்பது தெரியாது. மயோசீன் காலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்று இன்று கூறுகின்றோமெனில், அவ்வெண்கள் வேறொரு வழியால் வந்தவை.

நம் திருகோணமலைப் பாறைகளுக்கோ வரிசை முறையும் பயன்படாது. தென்மேற்கே மலைநாட்டினூடாக வந்து திருகோணமலைக் கரையிலே கடலைச் சேரும் பழம்பாறைப் பட்டை ஒன்று இலங்கையில் உண்டு. புவிச்சரிதவியலார் அதனை மலைநாட்டுத் தொகுதி என்பர். நம் குன்றுகளிலே காணப்படும் குவாட்சைற்று என்னும் வெண்ணிறக் கடும்பாறை அத்தொகுதியைச் சேர்ந்தது. அதுவும் ஆதியிலே மணலாகப் படிந்ததே. ஆனால் அந்த மணல் பூமியின் ஆழத்திலே புதையுண்டு, 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அமுக்கத்திலும் வெந்து, உருமாறிய பாறையாகிவிட்டது. இவ்வாறு வெந்த பாறையிலே சிப்பியையோ சங்கையோ தேடிப் பயனில்லை. படைகளும் மடிந்து புரண்டு கிடப்பதால், கீழேயுள்ளது மூத்தது என்ற விதியையும் நம்ப முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இப்பழம்பாறைகளின் வயதை அறிய எவரிடத்திலும் கருவி இருக்கவில்லை. பேரறிஞரான கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்து பூமி ஆறுவதற்கு எடுத்திருக்கக்கூடிய காலத்தைக் கணக்கிட்டு, பூமிக்கே 2 முதல் 4 கோடி ஆண்டுகள் தாம் வயது என்று 1897ஆம் ஆண்டிலே உரைத்தார். அயர்லாந்து அறிஞர் ஜோலி, ஆறுகள் ஆண்டுதோறும் கடலுக்குக் கொண்டுசெல்லும் உப்பைக் கணக்கிட்டு ஏறத்தாழ 9 கோடி என்றார். இருவரும் கணக்கிலே வல்லவர்கள். எனினும் அவர்கள் கையாண்ட மணிக்கூடுகள் ஒரே சீராக ஓடுபவை அல்ல.

சீராக ஓடும் மணிக்கூடு கல்லுக்குள்ளேயே இருந்தது. யுரேனியம், தோரியம் முதலிய சில மூலகங்களின் அணுக்கள் தாமாகவே சிதைந்து, படிப்படியாக மாறி, இறுதியிலே ஈயமாகின்றன. மாறும்போது ஈலியம் என்னும் வாயுவையும் வெளிவிடுகின்றன. இதுவே கதிர்த்தொழிற்பாடு. ஓர் அணு எப்பொழுது சிதையும் என்று யாராலும் கூற முடியாது. ஆனால் கோடானுகோடி அணுக்களில் பாதி சிதைவதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்பதை அளந்து கூறலாம். அதனை அரைவாழ்வுக் காலம் என்பர். யுரேனியத்தில் 238 என்னும் எண்ணுடைய சமதானிக்கு அரைவாழ்வு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். 235 என்னும் சமதானிக்கு 70 கோடி. தோரியத்துக்கு 1,400 கோடி. கல்லை வெப்பமாக்கினாலும் நசுக்கினாலும் அமிலத்திலே கரைத்தாலும் இவ்வேகம் மாறுவதில்லை.

சீனக்குடாவிலே காட்டினூடே நிற்கும் பெரிய எண்ணெய்க் குதங்களை நம் மாவட்டத்தவர் நன்கு அறிவர். அவற்றில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுமையாக இருந்த குதத்துக்குள் ஒரு குழாய் வழியே எண்ணெய் வந்து விழுகிறது. குழாயின் வேகம் நமக்குத் தெரியும். இன்று குதத்திலுள்ள எண்ணெயை அளந்தால், குழாய் திறந்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம். கல்லுக்குள் இருக்கும் யுரேனியமே அக்குழாய். சேர்ந்திருக்கும் ஈயமே எண்ணெய். யுரேனியம் குறையக் குறைய வரத்தும் குறைந்து செல்லும் என்பது ஒன்றே வேறுபாடு; அதனையும் கணக்கிலே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இக்கணக்குச் சரிவர வேண்டுமாயின் மூன்று உறுதிகள் வேண்டும். முதலாவது, தொடக்கத்திலே குதம் வெறுமையாய் இருந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, அதற்கு ஓட்டை இருத்தல் ஆகாது. மூன்றாவது, நமக்குத் தெரியாத வேறொரு குழாய் அதனுள் வந்து விழுதல் ஆகாது. இம்மூன்றையும் மனத்திலே வைத்துக்கொண்டு, இலங்கைக் கல் ஒன்றின் கதையைக் கேளுங்கள்.

ஆனந்த குமாரசுவாமி என்றவுடன் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது கலையும் நடராசர் திருவுருவ விளக்கமுமே. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய அவர் 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே அவர் கற்றுப் பட்டம் பெற்ற துறைகள் புவிச்சரிதவியலும் தாவரவியலுமாகும். 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனியவள ஆய்வின் முதற் பணிப்பாளராக அவர் கடமையாற்றினார். சப்பிரகமுவைப் பகுதியிலே இரத்தினக்கல் அரிக்கும் ஆற்றுச் சரளைக்குள் கறுத்த, பாரமான, சிறு கனசதுரப் பளிங்குகள் கிடைப்பதுண்டு. 1904ஆம் ஆண்டிலே அவற்றைக் கவனித்த குமாரசுவாமி, அவை யுரேனினைற்று என்னும் கனியமாகலாம் என்று கருதினார். இலண்டனிலே டன்ஸ்டன் என்பவர் அவற்றைப் பகுத்துப் பார்த்தபோது, அவற்றிலே பெரும்பகுதி தோரியம் என்று கண்டார். அதுவரை எவரும் அறியாத கனியம் அது. தோரியனைற்று என்று அவர் அதற்குப் பெயரிட்டார்.

தோரியமும் யுரேனியமும் ஈலியமும் ஒருங்கே நிறைந்த அக்கறுப்புக் கல்லை உலகத்து ஆய்வுகூடங்கள் விரும்பிப் பெற்றன. கதிர்த்தொழிற்பாட்டைக்கொண்டு கல்லின் வயதைக் கணிக்கலாம் என்ற எண்ணத்தை ரதர்போர்ட்டு அப்பொழுதுதான் வெளியிட்டிருந்தார். அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகத்து அறிஞர் போல்ற்வூட்டு, 1907ஆம் ஆண்டிலே பல நாட்டுக் கனியங்களின் யுரேனியத்தையும் ஈயத்தையும் ஒப்பிட்டு, ஒரு வயதுப் பட்டியலை வெளியிட்டார். அப்பட்டியலிலே எல்லாவற்றுக்கும் மூத்ததாக நின்றது இலங்கைத் தோரியனைற்று. அதன் வயது 220 கோடி ஆண்டுகள் என்றது அவர் கணக்கு.

இங்கிலாந்திலே ஸ்ட்ரட்டு என்னும் அறிஞர் வேறு வழியால் முயன்றார். தோரியனைற்றிலிருந்து புதிதாக ஈலியம் உண்டாகும் வேகத்தை நேரடியாகவே அளந்து, கல்லுக்குள் அடைபட்டிருந்த ஈலியத்தின் அளவோடு ஒப்பிட்டார். 1910ஆம் ஆண்டிலே அவர் கூறிய விடை: குறைந்தது 25 கோடி ஆண்டுகளாவது சென்றிருத்தல் வேண்டும் என்பது.

ஒரே கனியம், ஒருவர் 220 கோடி என்கிறார், மற்றவர் 25 கோடிக்குக் குறையாது என்கிறார். என் வகுப்பு மாணவி அன்று இருந்திருந்தால், "எது சரி?" என்று அவர்களையும் கேட்டிருப்பாள். இரண்டும் சரியல்ல என்பதே உண்மை. இரண்டும் ஏன் பிழைத்தன என்பதைக் கண்டுபிடித்ததிலேதான் இக்கலை வளர்ந்தது.

ஸ்ட்ரட்டின் குதத்துக்கு ஓட்டை இருந்தது. ஈலியம் மிக நுண்ணிய வாயு. நீண்ட காலத்தில் அது கல்லைவிட்டுக் கசிந்து சென்றுவிடும். எஞ்சியதை அளந்தால் வயது குறைவாகவே வரும். இதனை நன்கு உணர்ந்தமையால்தான் அவர், "குறைந்தது" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்.

போல்ற்வூட்டின் குதத்துக்கோ இரண்டாவது குழாய் ஒன்று இருந்தது. தோரியம் ஈயமாக மாறுவதில்லை என்று அவர் நம்பினார். ஆகவே கல்லிலிருந்த ஈயம் முழுவதும் யுரேனியத்திலிருந்தே வந்ததென்று கணக்கிட்டார். தோரியனைற்றிலோ தோரியம் யுரேனியத்தினும் பன்மடங்கு. பெரிய குழாய் கொண்டுவந்த எண்ணெயையும் சிறிய குழாயின் கணக்கிலே வைத்தால், நாட்கள் மிகுதியாகத் தோன்றாமல் என்ன செய்யும்? 1911ஆம் ஆண்டிலே, பின்னாளில் புகழ்பெற்ற ஆர்தர் ஹோம்ஸ் என்னும் இளைஞர் அவ்வயதை 164 கோடியாகக் குறைத்தார். அவரும் அப்பொழுது தோரியத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

இரண்டாவது குழாய் உண்டென்று உறுதிசெய்ய உதவியதும் இலங்கைக் கல்லே என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஒரே மூலகத்திற்கு வெவ்வேறு நிறையுடைய அணுக்கள் இருக்கலாம் என்று கூறிய பிரடெரிக் சொடி, தோரியத்திலிருந்து பிறக்கும் ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமாக இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்த்தார். தோரைற்று என்னும் இலங்கைக் கனியத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்து, அவரும் அவருடைய துணைவர் ஹைமனும் 1914ஆம் ஆண்டிலே நிறுத்தனர். அது பாரமாகவே இருந்தது. தோரியமும் ஈயமாகிறது என்பது தெளிந்தது. பிற்காலத்திலே இரண்டு குழாய்களையும் கணக்கிற் சேர்த்தபோது, இலங்கையின் இவ்வகைக் கனியங்களின் வயது 50 முதல் 60 கோடி ஆண்டுகள் என்று வந்தது. 25 கோடி என்பதற்கு மேலே, 220 கோடி என்பதற்கு மிகக் கீழே!

இன்று ஆய்வாளர் பெரிதும் நாடுவது சிர்க்கோன் என்னும் கனியத்தை. அதனைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டத்து வடக்கெல்லையில், புல்மோட்டைக் கடற்கரையிலே, கறுப்பு மணலைக் காணலாம். இல்மனைற்று, ரூட்டைல், மொனசைற்று ஆகியவற்றோடு சிர்க்கோனும் அம்மணலிலே கலந்துள்ளது. பழம்பாறைகள் மழையாலும் வெயிலாலும் சிதைந்து, ஆறுகளாலே கடலுக்குக் கொண்டுவரப்பட்டு, அலைகளாலே கொழிக்கப்பட்டுச் சேர்ந்த செல்வம் அது. பாறை அழிந்தாலும் அதனுள்ளிருந்த சிர்க்கோன் அழியாது. அவ்வளவு உறுதி வாய்ந்தது.

வயது காண்பதற்குச் சிர்க்கோன் ஏன் சிறந்தது? அது பளிங்காகத் திரளும்போது சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தையோ ஏற்காது தள்ளிவிடும். ஆகவே குதம் தொடக்கத்திலே ஏறக்குறைய வெறுமை. முதலாவது உறுதி கிடைத்தது. இரண்டாவது சிறப்பு இன்னும் பெரிது. யுரேனியம் 238 தேய்ந்து ஈயம் 206 ஆகிறது. யுரேனியம் 235 தேய்ந்து ஈயம் 207 ஆகிறது. தோரியம் தருவது ஈயம் 208. இவற்றைத் தனித்தனியே பிரித்து எண்ணும் திணிவு நிறமாலைமானி என்னும் கருவி இன்று உண்டு. ஆகையால் எந்தக் குழாயின் எண்ணெய் எவ்வளவு என்பதில் மயக்கமில்லை. அன்றியும், வேறுவேறு வேகத்தில் ஓடும் இரண்டு மணிக்கூடுகள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் அவ்விடையை நம்பலாம். ஈயம் ஒழுகியிருந்தால் இரண்டும் முரண்படும். பிழை நேர்ந்ததைக் கல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

மாணவர்கள் சரிபார்ப்பதற்காக ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். எம் 257 என்று இலக்கமிடப்பட்ட இலங்கைச் சிர்க்கோன் ஒன்று உண்டு. பட்டை தீட்டப்பட்ட இரத்தினமாக இருந்த அதன் நிறை 5.14 கிராம். அளந்து கண்ட வயது 56 கோடியே 13 இலட்சம் ஆண்டுகள். இக்காலத்திற்குள் அதிலிருந்த யுரேனியம் 238 அணுக்களில் பன்னிரண்டில் ஒன்று ஈயமாகிவிட்டது. யுரேனியம் 235 அணுக்களிலோ நூற்றுக்கு 42 ஈயமாகிவிட்டன. நான் மேலே தந்த அரைவாழ்வுக் காலங்களைக்கொண்டு இவ்வெண்களை வீட்டிலே கணக்கிட்டுப் பாருங்கள். இந்தக் கல்லின் துணுக்குகளைப் பல ஆய்வுகூடங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்ப்பதற்கு வைத்திருக்கின்றன. கடையிலே தராசைச் சோதிக்கப் படிக்கல் எப்படியோ, அவர்களுக்கு இலங்கைச் சிர்க்கோன் அப்படி.

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். உருமாறிய பாறையிலுள்ள சிர்க்கோன் மணியொன்றை அறுத்து, மினுக்கி, கருவியின் கீழ் வைத்துப் பார்த்தால், பல சமயங்களில் உள்ளே ஒரு கருவும், அதனைச் சுற்றி ஒரு விளிம்பும் தெரியும். கரு மூத்தது. விளிம்பு, பாறை ஆழத்திலே வெந்தபோது அதன்மேல் புதிதாக வளர்ந்தது. ஒரு மயிரின் பருமனுள்ள இடத்திலேயே நுண்ணிய அயன் கற்றையைப் பாய்ச்சி, கருவை வேறாகவும் விளிம்பை வேறாகவும் அளக்கும் கருவியை அவுஸ்திரேலியாவிலே கன்பராவில் உள்ள தேசிய பல்கலைக்கழகத்தார் அமைத்தனர். ஜெர்மானிய அறிஞர் அல்பிரட் குரோனர், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விதானகே முதலியோர் சேர்ந்து, இவ்வழியிலே இலங்கைப் பாறைகளை ஆராய்ந்து 1987ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். மலைநாட்டுத் தொகுதியின் பழைய வண்டல்களிலிருந்த சிர்க்கோன் மணிகள் 240 முதல் 320 கோடி ஆண்டுகள் வரை வயதுடையவையாக இருந்தன.

அவை பாறையின் வயதல்ல; பாறையாவதற்கு முன் மணலாக வந்து சேர்ந்த மணிகளின் வயது. அவற்றை ஈன்ற தாய்ப்பாறைகள் வேறெங்கோ இருந்து அழிந்துவிட்டன. அம்மணல் படிந்து மூடுண்டது அதற்குப் பின்னர். பின்னும் நெடுங்காலம் சென்று, ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவானபோது, இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவற்றின் பாறைகள் அழுந்தி வெந்தன. சிர்க்கோன் விளிம்புகள் காட்டும் காலம் அதுவே. இரத்தினபுரிச் சரளையிலே கிடைக்கும் சிர்க்கோன்களும் தோரியனைற்றும் ஏறக்குறைய அக்காலத்துப் பிறப்புக்களே.

ஆகவே மாணவியின் புத்தகம் கூறிய 55 கோடி, கல் வெந்த காலம். நான் கரும்பலகையில் எழுதிய 200 கோடிக்கு மேற்பட்ட காலம், கல்லுக்குள் இருக்கும் மணலின் வரலாறு. புத்தகமும் பொய் சொல்லவில்லை. என் குறிப்பும் முற்றாகப் பிழையன்று. ஆனால் எந்த நிகழ்ச்சியிலிருந்து வயதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் ஒரே எண்ணை எழுதிவிட்டது என் பிழை. ஒரு வீட்டின் வயதைக் கேட்டால், வளைமரம் வெட்டிய ஆண்டைச் சொல்வதா, குடிபுகுந்த ஆண்டைச் சொல்வதா? கேட்பவருக்கு எது வேண்டுமென்று தெளிந்தபின்பே விடை கூற இயலும்.

இங்கே இன்னொரு ஐயத்தையும் தீர்த்துவிடுதல் நலம். காபன் முறையாலே கல்லின் வயதை அறியலாகாதா என்று சிலர் வினவுவதுண்டு. காபன் 14 என்பது உயிருள்ளவை தம் உடம்பிலே ஏற்கும் பொருள். அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகளே. ஆகையால் மரக்கரி, எலும்பு, சிப்பி முதலியவற்றுக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையே அது பயன்படும். பாகியன்கல குகையில் வாழ்ந்த பழைய இலங்கை மனிதரின் காலத்தை அறிய அது உதவிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் கண்ட பாறைக்கு அது உதவாது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்குப் பொற்றாசியம் தேய்ந்து ஆகன் வாயுவாகும் முறையைக் கையாளுவர். சுண்ணாம்புக் கல்லுக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பற் படைகள் அகப்படும் நாடுகளிலே இம்முறைகளால் ஆண்டு கண்டு, அதனை உயிர்ச்சுவடுகளின் வரிசையோடு பொருத்துவர். மயோசீன் காலத்திற்கு ஆண்டுகள் கிடைத்தது இவ்வாறே. எந்தக் கல்லுக்கு எந்த மணிக்கூடு பொருந்தும் என்பதை அறிவதே இத்தொழிலிற் பாதி.

"அப்போது யார் இருந்து பார்த்தது?" என்று கேட்ட பின்வரிசைத் தம்பிக்கும் விடை கூறவேண்டும். பார்ப்பதற்கு மனிதர் எவரும் இருக்கவில்லை என்பது மெய். சிர்க்கோன் இருந்தது. அதனை விசாரிப்பவர்கள் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரைப் போல நடக்கின்றனர். இந்தக் கல் எதனை இழந்திருக்கலாம், எதனைப் புதிதாகப் பெற்றிருக்கலாம், நாம் அறியாத வழி வேறு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றனர். இரண்டு மணிக்கூடுகளும் ஒன்றுபட்டால் எழுதிக்கொள்கின்றனர். முரண்பட்டால் ஏன் என்று தேடுகின்றனர். குமாரசுவாமி யுரேனினைற்று என்றார், டன்ஸ்டன் திருத்தினார். போல்ற்வூட்டு 220 கோடி என்றார், பின்வந்தோர் திருத்தினர். தம் பிழை திருத்தப்பட்டதனால் இவர்களில் எவருடைய பெயரும் தாழ்ந்துவிடவில்லை.

கோணேசர் கோயிற் குன்றிலே அந்தத் தாயார் இராவணன் கதையை நினைந்து நின்றார். மகளோ கல்லின் வயதை வினவி நின்றாள். பேத்திக்கு அப்பம்மா சொல்லிய கதையை நான் பறிக்க விரும்பவில்லை. அக்கதை அந்தக் குடும்பத்தின் உடைமை. ஆனால் பிள்ளை கேட்ட வினாவுக்கு விடை சொல்லும் கடமை பாடசாலையினுடையது. அதனைப் பிற்போடாமல் நிறைவேற்றுவதே முறை.

திங்கட்கிழமை வகுப்புக்குச் சென்றவுடன் அந்த மாணவியை அழைத்து, கரும்பலகையிலே மூன்று வரிகளை எழுதச் சொல்லப்போகிறேன். மணல் மணிகள் பிறந்தது: 240 முதல் 320 கோடி ஆண்டுகளுக்கு முன். மணல் படிந்து மூடுண்டது: அதற்குப் பின். வெந்து பாறையானது: 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன். என் குறிப்புப் புத்தகத்திலும் பழைய வசனத்தின் கீழ் இம்மூன்றையும் எழுதிவிட்டேன். அடுத்த விடுமுறையில் புல்மோட்டைப் பக்கம் செல்லும் குடும்பத்தவர்கள் கடற்கரையிலே நின்று கறுப்பு மணலைக் கையில் எடுத்து, ஒரு உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்க்கட்டும். கறுப்பு மணிகளுக்கிடையே நிறமற்று மின்னும் சிறு மணிகளில் சில சிர்க்கோனாக இருக்கலாம். பார்த்த பின் அம்மணலைக் கரையிலேயே விட்டு வாருங்கள்.